பழுது எங்கே இருந்தது?

எங்கள் வீட்டு முன்னறை மூலையில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. 2010 ஆம் ஆண்டு, மூத்த மகளை முதலாம் ஆண்டில் சேர்த்த காலத்தில், சீட்டுப் பணம் கிடைத்த கையோடு என் கணவர் வாங்கி வந்தது. தூசு படாமலிருக்க நான் தைத்துப் போட்ட பூத்துணி உறை இன்றும் அதன் மேல் கிடக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் உலகத்தையே பார்க்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது வெறும் பெட்டி. எனக்கோ அது என் வாப்பாவின் குரல் இருக்கும் பெட்டி.

வாப்பா 1983 முதல் 1989 வரை சவூதியில் சாரதியாக இருந்தார். அந்நாளில் எங்கள் ஊரில் தொலைபேசி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடிதம் எழுதுவதை விடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் வாப்பாவுக்கு இலகு. ஊருக்கு வருகின்ற யாரிடமாவது ஒரு கேசட்டைக் கொடுத்து விடுவார். உம்மா எங்கள் எல்லோரையும் சுற்றி இருத்தி வைத்து அதைப் போடுவார். அப்படி மிஞ்சியவை 11 கேசட்டுகள். 2013 இல் என் தம்பி, பழைய ரேடியோவையும் கணினியையும் வயரால் இணைத்து, பக்கத்துக்கு ஒன்றாக 22 ஒலிக் கோப்புகள் ஆக்கித் தந்தான். பிறகு மழைக் காலத்து ஈரத்தில் கேசட்டுகளில் பூஞ்சணம் பிடித்து நாடா ஒட்டிக் கொண்டது. 'அதுதான் கம்பியூட்டரில் இருக்கிறதே' என்று எறிந்துவிட்டோம். வேறெங்கும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

2024 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அந்தக் கணினி அடிக்கடி நின்று போகத் தொடங்கியது. எழுதிக் கொண்டிருக்கும் போதே திரை நீல நிறமாகும். பிறகு தானாகவே அணைந்து எரியும். உயர்தரம் படிக்கும் என் மகன், "விண்டோஸ் பழுதாப் போயிருக்கும் உம்மா. அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாச் சரி" என்றான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது சாப்பிட்ட பின் உட்கார்ந்தான். அஸர் ஆகியது, மஃரிப் ஆகியது, எழும்பவில்லை.

இஷாவுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். தேவையான கோப்புகளைப் போட முடியவில்லை, அவை பழுதாகியோ இல்லாமலோ இருக்கலாம் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு செய்தியும், அதன் கீழே நீண்ட இலக்கமும் திரையில் நின்றன. பழைய விண்டோஸை அழித்தாயிற்று, புதியது ஏறவில்லை. கணினியில் ஒன்றுமே இல்லை.

"அப்ப வாப்பாட குரல்?" என்று கேட்டேன்.

"அது டீயில இருக்குது உம்மா. நான் சீயத்தான் அழிச்சேன்" என்றான்.

திரையைப் பார்த்தேன். அங்கே சீயும் இல்லை, டீயும் இல்லை. பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று இலக்கங்கள் மட்டும். எனக்குத் தலை சுற்றியது. ஒரு தாயின் வாயிலிருந்து வரக் கூடாத வார்த்தைகள் அன்று என் வாயிலிருந்து வந்தன. "மௌத்தான மனுஷனோட குரலை இல்லாமலாக்கிட்டியே, உன்னால ஒரு வேலையைச் சரியாச் செய்யேலுமா?" என்று அவனுடைய தங்கையின் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். "அளவைப் பாத்துத்தான் உம்மா செஞ்சேன்" என்றான். நான் காதில் போட்டுக் கொள்ளவில்லை. அவன் அதற்கு மேல் பேசவுமில்லை.

மறுநாள் கணினியை த்ரீவீலரில் ஏற்றிக் கொண்டு டவுனில் உள்ள திருத்தகம் ஒன்றுக்குப் போனோம். அங்கிருந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு தரம் போட்டுப் பார்த்தார். "போர்ட் போயிருக்கும். இந்தச் சாமானெல்லாம் இப்ப வாறதில்ல. வேணுமெண்டா ஹார்ட் டிஸ்க்கை முழுசா அழிச்சு, ஒரே பகுதியாக்கிப் போட்டுப் பாப்போம். சில நேரம் சரி வரும்" என்றார். முழுவதும் அழிப்பது என்றால் டீயும் சேர்ந்துதானே? மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் பேசாமல் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் சாச்சியின் மகளுக்கு அழைப்பெடுத்தேன். அவள் பாடசாலையொன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை. பிள்ளைகளையும் கூட்டிக் கொண்டு பகலுக்கே வந்து விட்டாள். பிளேன்டீயைக் குடித்துக் கொண்டே அவள் கேட்ட முதல் கேள்வி, என்ன பழுது என்பதல்ல.

"ராத்தா, இதுக்குள்ள போனாத் திரும்பக் கிடைக்காத சாமான் ஏதும் இருக்குதா?"

சொன்னேன்.

"வேறெங்கேயும் கொப்பி இருக்குதா?"

இல்லை என்றேன்.

"அப்ப அந்த டிஸ்க்கைக் கழட்டிக் கொப்பி எடுக்கும் வரைக்கும், அதை வெச்சுக் கொண்டு ஒருத்தரும் கம்பியூட்டரைப் போடக் கூடாது" என்றாள். நோயாளியின் உயிரைக் காப்பாற்றிவிட்டு நோயைத் தேடுவது போல என்று நினைத்துக் கொண்டேன். மின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினாள். உள்ளே தங்கியிருக்கும் மின் போகட்டும் என்று கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தாள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தாள். உடம்பில் சேரும் நிலைமின் பட்டாலும் இந்தச் சாமான்கள் பழுதாகுமாம். ஹார்ட் டிஸ்க் வெளியே வந்தது. வீட்டுக்குப் போய்த் தன் மடிக்கணினியில் பூட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, அதைக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டாள்.

பிறகு மகனை அருகே கூப்பிட்டு இருத்தினாள். "மகன், நீங்க செஞ்சதெல்லாம் ஒவ்வொண்டாச் சொல்லுங்க" என்றாள். இரண்டு நாளாக ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளை மடை திறந்தது போலப் பேசினான். மூன்று தரம் போட்டுப் பார்த்ததாகவும், மூன்றாம் தரம் கூட்டாளியின் வீட்டில் வேறொரு பென் டிரைவில் விண்டோஸைப் புதிதாக இறக்கி வந்து முயன்றதாகவும் சொன்னான். எவ்வளவு தூரம் போய் நின்றது என்று அவள் கேட்டாள். முதலில் 27 வீதத்திலும், பிறகு 63 வீதத்திலும், கடைசியில் 41 வீதத்திலும் நின்றது என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. "ராத்தா, உங்கட மகன் நல்லாக் கவனிச்சிருக்கிறார். இதுதான் துப்பு" என்றாள்.

அவள் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மாதிரி இங்கே எழுதுகிறேன். பென் டிரைவில் உள்ள கோப்பு பழுதென்றால் பெரும்பாலும் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இடம் மாறி மாறி நிற்கிறதென்றால், பழுது அந்தக் கோப்பில் இல்லாமல், அதைக் கையாளும் ஏதோ ஒரு பாகத்தில் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் என்பது வீட்டு அலுமாரி. ரேம் என்னும் நினைவகம் குசினி மேசை. அலுமாரியில் கிடக்கும் சாமானை மேசையில் எடுத்து வைத்துத்தான் வேலை செய்ய முடியும். விண்டோஸின் கோப்புகள் இறுக்கிக் கட்டிய பெரிய மூட்டையாகத்தான் வருகின்றன. அந்த மூட்டையை மேசையில் அவிழ்த்து, ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் கணினி அதை அலுமாரியில் அடுக்கும். மேசையில் ஓரிடத்தில் வெடிப்பு இருந்தால், அந்த இடத்தில் வைக்கிற சாமான் கெட்டுவிடும். கணக்குப் பார்க்கும் போது பிழைக்கும். உடனே 'கோப்பு பழுது' என்று அது சொல்லும். பழுது கோப்பில் அல்ல, மேசையில்!

சாதாரண வேலைகளின் போது அந்த வெடிப்பு எப்போதாவதுதான் குறுக்கிடும். அதனால்தான் பல மாதங்களாகக் கணினி நின்று நின்று வேலை செய்திருக்கிறது. நாங்கள் விண்டோஸைக் குற்றம் சொல்லிக் கொண்டிருந்தோம்.

"ஆனா நினைக்கிறது போதாது, நிரூபிக்கணும்" என்றாள் தங்கை. மகளின் பழைய கொப்பியொன்றை வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும், செய்ததை உடனே எழுத வேண்டும் என்று மகனிடம் சொன்னாள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால், சரி வந்தாலும் எதனால் வந்ததென்று தெரியாது. கறிக்கு உப்பும் புளியும் ஒரே நேரத்தில் கூட்டிப் போட்டுவிட்டு, ருசி எதனால் கெட்டது என்று தேடுகின்ற கதைதான்.

முதலில் ஹார்ட் டிஸ்க் இல்லாமலே கணினியைப் போட்டார்கள். திகதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. உள்ளே ஒரு ரூபாய்க் குற்றி அளவில் சிறிய பெற்றரி ஒன்று இருக்கிறது. சீஆர் 2032 என்று பெயர். மணிக்கூட்டுக் கடைகளிலும் கிடைக்கும். கணினி அணைந்திருக்கும் போதும் திகதியையும், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது போன்ற ஆரம்ப அமைப்புகளையும் காப்பது அதுதான். அது செத்திருந்தது. மகன் ஓடிப் போய்ப் புதியது வாங்கி வந்து போட்டான். திகதியைச் சரி செய்தார்கள். 'இதுதான் பழுது' என்று நான் மகிழ்ந்தேன். "இதுவும் ஒரு பழுதுதான், ஆனா நாம தேடுற பழுது இதில்ல ராத்தா" என்றாள் அவள். பழையதில் ஒன்றுக்கு இரண்டாகப் பழுது இருப்பது புதுமையல்லவே!

அடுத்து, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் இருந்தே ஓட விட்டார்கள். அதற்கு விண்டோஸும் வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதி, எழுதியதை அப்படியே திரும்ப வாசிக்க முடிகிறதா என்று அது பார்க்கும். இரவு முழுக்க ஓடட்டும் என்று சொல்லிவிட்டுத் தங்கை புறப்பட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. முன்னறையில் அந்தத் திரையின் வெளிச்சம். என் மகனும் விழித்துத்தான் இருந்தான். இருவரும் ஒரே திரையைப் பார்த்துக் கொண்டிருந்தோம்; ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதென்று தெரியவில்லை, கண்ணயர்ந்து விட்டேன். சுபஹுக்கு எழும்பிப் பார்த்த போது திரையில் சிவப்புச் சிவப்பாக வரிகள் நிறைந்திருந்தன. பக்கத்தில் கொப்பியில் மகன் எழுதி வைத்திருந்தான்: 'இரண்டு ரேமும் ஒன்றாக - பிழை.'

காலையில் ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்துச் சோதித்தான். சுத்தம். அதைக் கழற்றி, இதை அதே இடத்தில் வைத்தான். பிழை. தங்கை தொலைபேசியில் சொன்னபடி, அந்த ரேமின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து மீண்டும் வைத்தான். சில சமயம் பற்களில் படியும் அழுக்கே காரணமாக இருக்குமாம். இதற்கு அது காரணமில்லை, மீண்டும் பிழை. கொப்பியில் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. இனிச் சந்தேகமில்லை. பழுது ஒரு விரல் அகலமுள்ள அந்தப் பச்சைப் பலகையில் இருந்தது. என் மகனின் கையில் இருக்கவில்லை.

நான் குசினியில் மரக்கறி வெட்டிக் கொண்டிருந்த போது தொலைபேசி ஒலித்தது. "ராத்தா, 22 உம் இருக்குது. எல்லாத்தையும் ரெண்டு இடத்தில கொப்பி எடுத்திட்டேன். ஒண்டப் போடட்டுமா?" என்றாள்.

நான் பதில் சொல்லுமுன் வாப்பா பேசினார். "மகள், பல்லு விழுந்திட்டுதாம் எண்டு உம்மா எழுதியிருந்தா. புதுப்பல்லு வந்துட்டா? வந்தா வாப்பாக்குச் சொல்லி அனுப்பணும், சரியா?" பின்னால் ஏதோ வாகனத்தின் இரைச்சல். 1985 ஆம் ஆண்டு எனக்கு ஆறு வயது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே அழுதேன்.

திரும்பிப் பார்த்தால் கதவடியில் மகன் நின்றான். அவன் செய்தது முற்றிலும் சரி என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்து விட்டது. விண்டோஸ் போடும் போது சீ, டீ என்ற எழுத்துகள் வராது என்பதும், இலக்கங்களும் அளவுகளும் மட்டுமே வரும் என்பதும் அவனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. ஒன்று 98, மற்றது 200 என்று அளவுகளைக் குறித்து வைத்துக் கொண்டுதான் தொடங்கியிருக்கிறான். 'அளவைப் பாத்துத்தான் செஞ்சேன்' என்று அவன் சொன்னதன் பொருள் அதுதான். பெரியவள் என்ற நினைப்பில் நான்தான் கேட்கவில்லை. "மகன், உம்மா சொன்னது பிழை. மனசில வெச்சுக் கொள்ளாதீங்க" என்றேன். "பரவாயில்ல உம்மா" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி வாப்பாவின் குரலை மறுபடியும் போட்டான்.

செவ்வாய்க்கிழமை ஹார்ட் டிஸ்க் திரும்பி வந்தது. நல்ல ரேமை மட்டும் வைத்து விண்டோஸைப் போட்டார்கள். 27 ஐத் தாண்டியது, 41 ஐத் தாண்டியது, 63 ஐயும் தாண்டியது. முதல் தரத்திலேயே முடிந்தது. பிறகு பழைய ரேம் ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டோம். ஒரு கிலோ கோழியிறைச்சியின் விலை கூட ஆகவில்லை. போர்ட் போய்விட்டது என்று எறிய இருந்த கணினி!

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, இரவு பன்னிரண்டு மணி தாண்டியும் மகன் தட்டச்சுச் செய்து கொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன். பாடசாலைச் செயற்றிட்ட அறிக்கை என்றான். அதை முன்பே முடித்துவிட்டதாகச் சொன்னாயே என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்.

"அது சீயில இருந்தது உம்மா. அழிக்க முந்தி பென் டிரைவில கொப்பி எடுத்து வெச்சேன். பிறகு யோசிக்காம அதே பென் டிரைவிலதான் விண்டோஸை ஏத்தினேன். அப்படி ஏத்தினா அதில இருந்ததெல்லாம் அழிஞ்சிரும்."

நாற்பது பக்கங்கள். வெள்ளிக்கிழமை இரவே அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. நான் என் இழப்பைச் சொல்லிக் கத்திக் கொண்டிருந்த அந்த நேரம், இந்தப் பிள்ளை தன் இழப்பை வாய்க்குள் விழுங்கிக் கொண்டு நின்றிருக்கிறான். நான் இழந்ததாக நினைத்தது இழக்கப்படவே இல்லை. உண்மையில் இழந்தவன் அவன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அழுதுக்கொண்டு இருந்தீங்களே உம்மா" என்றான். அன்றிரவு அவன் வாசிக்க வாசிக்கக் கையெழுத்துக் குறிப்புகளை எடுத்துக் கொடுத்துக் கொண்டு நானும் விழித்திருந்தேன். முடிக்க மேலும் நான்கு இரவுகள் சென்றன.

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கு வழமையாக வந்த இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 11 கேட்கும் தகைமைகள் எங்கள் பழைய கணினிக்கு இல்லை. அதனால் மகன் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட முடிவு செய்தான். இந்த முறை தொடங்க முன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். எதெதைப் பிரதி எடுக்க வேண்டும் என்று என்னிடமே கேட்டுக் கொப்பியில் எழுதினான். இரண்டு இடங்களில் பிரதி எடுத்தான். எடுத்ததோடு நிற்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பைத் திறந்து எனக்குக் காட்டினான். இயங்குதளம் ஏற்றுவதற்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் வாங்கி, அதன் மேல் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு பழைய பெட்டி இருக்கலாம். கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் முதல் நடை, இல்லாமல் போனவர்களின் குரல், எல்லாம் அதற்குள் இருக்கலாம். இன்றைக்கே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்றும் பாருங்கள். திருத்தக் கொடுக்கும் போது, உள்ளே அழியக் கூடாதது என்ன இருக்கிறதென்று முதலில் சொல்லுங்கள். 'எல்லாவற்றையும் அழித்துப் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால், பிரதி எடுக்கும் வரை பெட்டியைத் திருப்பி வாங்கிக் கொள்ளுங்கள்.

அந்தக் கொப்பியை நான் லாச்சியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மகன் எழுதிய வரிகளுக்குக் கீழே நானும் ஒன்றை எழுதியிருக்கிறேன்: 'முதலில் பிள்ளையிடம் கேள்.'